வெளியார் செயலிகளை எதிர்நோக்கும் பிரிவு

ராய்லி கொர்வலா, வடதுருவத்துக்குக் கிட்டே உள்ள ஓலு நகரத்தில் பார்த்த கடைசி உத்தியோகம், வராத ஒன்றைச் சோதித்து அனுமதிப்பது. ஒன்பது மாதம் அதைக் குறையில்லாமல் செய்தாள்.

கம்பெனி ஒரு புது போன் செய்துகொண்டிருந்தது. ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான். யாரும் பெயர் சொல்வதில்லை. போனுக்குள் ஓடும் புதுத் தளத்துக்கு ருஸ்கா என்று பெயர். வடக்கே இலைகள் சிவந்து பத்து நாள் நிற்கும் பருவத்தை அப்படிச் சொல்வோம். பதினோராம் நாள் அவை உதிர்ந்துவிடும் என்பது தெற்கே தலைமையகத்துக்குப் பெயர் விற்ற விளம்பரக்காரர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். கலிபோர்னியாக்காரர்களின் போனுக்கு உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் செயலிகள் எழுதித் தள்ளிக்கொண்டிருந்த காலம். நமக்கும் எழுதுவார்கள் என்று தலைமையகம் ஒரு வரைபடம் போட்டது. அதில் கோடு இடது மூலையில் பூஜ்யத்தில் தொடங்கி, வலது மேல் மூலையில் நாற்பதாயிரத்தில் முடிந்தது. அந்தக் கோட்டை நம்பி இரண்டாம் மாடியில் அறுபது மேஜை போட்டார்கள். முதல் கட்டமாக ஆறு பேரை உட்கார வைத்தார்கள். நானும் ஒருவன்.

ராய்லிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பக்கத்துக் கெம்பெலேயில் பிறந்தவள். அப்பா சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். கணவன் நார்வேக்குப் போய்விட்டான், படகையும் எடுத்துக்கொண்டு. படகுக்காக ஒரு வாரம் வருத்தப்பட்டதாக அவளே சொன்னாள். கம்பெனியில் பத்தொன்பது வருடம் பழைய போன்களின் பொத்தான்களை அழுத்திப் பார்க்கும் வேலை. புது போனில் பொத்தானே இல்லை என்று ஆனபோது அந்தச் சோதனைக்கூடத்தை மூடினார்கள். மாற்றல் கேட்பவர்களுக்கு ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். புதுமையில் உங்களுக்கு எவ்வளவு ஆர்வம் என்ற கேள்விக்கு எல்லோரும் ‘மிகவும்’ என்று குறித்தார்கள். ராய்லி மட்டும் ‘அளவாக’ என்று குறித்தாள். கேள்வியைப் படித்தவள் இவள் ஒருத்திதான் என்று முடிவுசெய்து எங்கள் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மைனஸ் இருபத்தைந்து டிகிரி குளிரில், ஒரு வண்டியும் வராத தெருவில், சிவப்பு விளக்குக்காகச் சைக்கிளோடு நிற்பவள் ராய்லி. ஓலுவில் எல்லோருமே நிற்பார்கள்தான். ஆனால் மற்றவர்கள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு நிற்பார்கள். ராய்லி திரும்புவதில்லை.

பிரிவின் தலைவன் இலாரி. முப்பத்தாறு வயது. கலிபோர்னியாவில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தவன். அதற்குப் பிறகு கையில்லாத ஒரு மெல்லிய கோட்டையும், கேள்வி கேட்டால் ‘அருமையான கேள்வி’ என்று சொல்லும் பழக்கத்தையும் விடவில்லை. வெளியாட்கள் வருவதற்குள் விதிகள் தயாராக இருக்க வேண்டும் என்று எங்களை வைத்து எழுதினான். நாற்பதில் தொடங்கி இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. வந்துசேரும் ஒவ்வொரு செயலிக்கும் வரிசை எண் கொடுக்க ஓர் இயந்திரம். ஆறு இலக்கம். இடம் போதாமல் போய்விடுமோ என்று அரை நாள் விவாதித்து ஏழாக்கினோம். ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஓர் உளவியல் நிபுணர் வந்து, தாங்க முடியாத வேலைப்பளுவைத் தாங்குவது எப்படி என்று இரண்டு மணி நேரம் பேசினார். ஆறு பேரும் குறிப்பெடுத்துக்கொண்டோம். அன்றைக்கு வேறு வேலையும் இல்லை.

அக்டோபரில் இலாரி, செயலி எழுதக்கூடியவர்களை வரவழைக்கத் திறந்த வாசல் நாள் நடத்தினான். ஏலக்காய்ப் பன் இருநூறு பேருக்கு. வந்தவர்கள் ஒன்பது பேர். நான்கு பேர் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியவர்கள். இரண்டு பேர் பழைய சார்ஜரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள். புது போனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருந்தோம். கடைகளுக்கு வரும்வரை வெளியார் கை அதில் படக் கூடாது. கணினியில் ஓடும் பொம்மைப் போன் ஒன்றைக் கொடுப்போம். அதை வைத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்சியோ லாம்சா. கூசமோவிலிருந்து மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். அணை நீர்மட்டம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் மாலைக் கல்லூரியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாராம். நெசவு வகுப்பில் இடம் இல்லையாம். இரண்டு பன் சாப்பிட்டார். கேள்வி கேட்கவில்லை. விதிப் புத்தகத்தை உள்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

டிசம்பரில் தலைமையகத்திலிருந்து ஒரு பத்திக் கடிதம் வந்தது. ருஸ்காவின் செயலிக் கடை பிப்ரவரி எட்டாம் தேதி திறக்கப்படும். அன்று அதில் ஒரு வெளியார் செயலியாவது இல்லாவிட்டால் எங்கள் பிரிவின் தேவை மறுபரிசீலனை செய்யப்படும். நாற்பதாயிரத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி வந்திருந்தார்கள்.

ஜனவரி பதினொன்றாம் தேதி வரிசை இயந்திரம் முதல் முறையாக ஒலித்தது. தீயணைப்பு மணி என்று நினைத்து இரண்டு பேர் கோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார்கள். வரிசை எண் 0000001. அனுப்பியவர் என்சியோ. ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்கள் தாங்கள் நின்ற இடத்தில் பனி எவ்வளவு தடிமன் என்று குறித்து வைப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கால் வைப்பார்கள். அவ்வளவுதான் செயலி.

இலாரி ராய்லியின் மேஜைக்கு ஓடி வந்தான்.

“ராய்லி, கையெழுத்துப் போடு. நான் கேக் சொல்லிடறேன்.”

“முதல் விதியே இன்னும் பாக்கல.”

“ஒரே ஒரு ஆப்தான வந்திருக்கு!”

“அதனாலதான். அவசரம் இல்ல.”

ஒன்பது வேலை நாளில் நூற்றுப் பதினேழு விதிகளை முடித்தாள். எல்லாம் சரி. ஆறு பேரின் வேலையும் அவளுடைய பேனாவின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அவள் மேஜையைச் சுற்றிக்கொண்டு கழிப்பறைக்குப் போனோம். பத்தாம் நாள் விதி நூற்றுப் பதினெட்டு. சோதனை விதிகளில் அதுதான் கடைசி, அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஆபீஸ் நடைமுறை. செயலியை எந்தச் சூழலில் பயன்படுத்தலாம் என்று எழுதியவர் குறிப்பிட்டிருக்கிறாரோ அதே சூழலில் சோதிக்க வேண்டும். படிவத்தில் என்சியோ எழுதியிருந்தார்: திறந்த பனிவெளியில், மைனஸ் இருபத்தைந்து வரை, கையுறை போட்ட கையோடு.

மறுநாள் மதியம் நல்லிகாரிக் கரையிலிருந்து உறைந்த கடல் மேல் நடந்தோம். ராய்லி, இலாரி, குறிப்பெழுத நான். மைனஸ் இருபத்து நான்கு. இலாரி கலிபோர்னியாவில் வாங்கிய காலணி போட்டிருந்தான். முந்நூறு மீட்டர் தள்ளி முக்காலியில் ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். ராய்லி போனை எடுத்தாள். அவள் கையில் இருந்தது விரல் பிரியாத தடித்த கம்பளிக் கையுறை. அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. கட்டை விரலால் அழுத்தினாள். கையுறையின் வேறொரு பக்கத்தால் அழுத்தினாள். போன் அவளைக் கவனிக்கவே இல்லை.

“ஏன் வேலை செய்யல?” என்றாள்.

“டச் ஸ்கிரீன் வெறும் விரலத்தான் கண்டுக்கும்,” என்றான் இலாரி. “உலகம் பூரா அப்படித்தான்.”

“உலகம் பூரான்னா?”

“கலிபோர்னியால.”

ராய்லி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத செஞ்சது நாமதான? இங்கதான?”

“அருமையான கேள்வி.”

“இந்த ஊர்ல, வருஷத்துல அஞ்சு மாசம் கிளவுஸ் போடற ஊர்ல, ஆயிரம் பேர் மூணு வருஷம் உக்காந்து இதச் செஞ்சோம். யாருக்குமே தோணலையா?”

“லேப்ல இருபத்தோரு டிகிரி வச்சிருப்பாங்க,” என்றேன் நான்.

“நீ எழுது,” என்றாள் என்னிடம்.

“ராய்லி, கிளவுஸக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவ அழுத்து,” என்றான் இலாரி. “அஞ்சு செகண்ட்.”

கழற்றி அழுத்தினாள். செயலி உடனே திறந்தது. பனித் தடிமன் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் என்று குறித்தாள். அதையும் ஏற்றுக்கொண்டது. இலாரி கைதட்டப் போன நேரத்தில் போன் அணைந்தது. வெளியே எடுத்துப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. பாட்டரிக்குக் குளிர் ஆகவில்லை.

முக்காலிக்காரர் திரும்பிப் பார்த்து, “என்ன மாட்டுச்சு?” என்று கத்தினார்.

“ஒண்ணும் இல்ல!” என்றான் இலாரி.

“தூண்டில மாத்திப் பாருங்க!”

ஆபீசுக்கு வந்து காப்பி குடித்ததும் இலாரிக்கு ஒரு யோசனை வந்தது. செயலியை மாற்ற வேண்டாம், போனை மாற்ற வேண்டாம், படிவத்தை மாற்றினால் போதும். என்சியோவுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். எங்கள் ஊரில் பெரியவர்களையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவோம். முன்னதாக ராய்லியிடம், “போன்ல இருக்கற கோளாறப் பத்தி வெளியாள்கிட்ட வாயத் திறக்கக் கூடாது. கடை திறக்கற வரைக்கும் கம்பெனி ரகசியம்,” என்றான். ராய்லி தலையசைத்தாள். ரகசியம் என்றால் அதுவும் ஒரு விதிதான்.

“என்சியோ, ஓலுலேர்ந்து இலாரி பேசறேன்.”

“ம்.”

“எப்படி இருக்க?”

“எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான்.”

“சரி.”

“உன் ஆப் பிரமாதம். ஃபாரத்துல மட்டும் ஒரு சின்ன விஷயம். ‘கையுறை போட்ட கையோடு’ன்னு எழுதியிருக்க. அத மட்டும் எடுத்துடலாமா?”

மறுமுனையில் சத்தம் இல்லை. கூசமோக்காரர்கள் பேசாமல் இருந்தால் யோசிக்கிறார்கள் என்றும் அர்த்தம், அடுப்புக்கு விறகு போடப் போய்விட்டார்கள் என்றும் அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அடுப்புக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“எடுத்தா என்ன ஆகும்?”

“ஆப் பாஸ் ஆயிடும்.”

“கிளவுஸ் எங்க போகும்?”

“எங்கயும் போகாது. ஃபாரத்துலேர்ந்து மட்டும் எடுக்கறோம்.”

“ஃபாரத்துல கழட்டினா கை வெறைக்காது. ஏரில கழட்டினா வெறைக்கும். நீ எதச் சொல்ற?”

“ஃபாரத்ததான்.”

“ஃபாரத்துல மீன் பிடிக்கறதில்லையே.”

இலாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். ராய்லி போனருகே குனிந்தாள்.

“என்சியோ, நான் ராய்லி. உன்னோடத சோதிக்கறவ.”

“சொல்லு.”

“நூத்திப் பதினேழு விதி பாத்தேன். ஒரு குத்தம் இல்ல. இவ்வளவு ஒழுங்கான ஆப்ப நான் பாத்ததில்ல.”

“வேற எத்தன பாத்திருக்க?”

“இது ஒண்ணுதான்.”

“அப்ப சரி,” என்றார் என்சியோ. “கிளவுஸ் இருக்கட்டும்.” வைத்துவிட்டார்.

ராய்லி அன்று மாலை வரை படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் கிளம்பவில்லை. நான்கு மணிக்கு எழுந்து வந்து, விதி நூற்றுப் பதினெட்டைச் சத்தமாகப் படித்தாள். “குறிப்பிட்ட சூழலில் செயலி இயங்க வேண்டும்னு இருக்கு. ஆப் இயங்குச்சு. அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. விரல் வந்தத போன்தான் சொல்லல. ஆப் பாஸ். போன் ஃபெயில்.”

அனுமதி என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கூடவே போன் மீது மூன்று பக்கக் குறைபாட்டு அறிக்கை ஒன்றை இணைத்தாள்: கையுறையை அறிவதில்லை, இருபத்து நான்கு டிகிரி குளிரில் பதினோரு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது, இந்த நாட்டில் விற்க ஏற்றதல்ல. அறிக்கையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கம்பெனியில் குறைபாட்டு அறிக்கைகளுக்கென்று பெரிய அலமாரியே உண்டு. இலாரி அவளைக் கட்டிப்பிடித்தான். அவள் அது முடியும்வரை அசையாமல் நின்றாள். மறுநாள் கேக் வந்தது. போன் வடிவத்தில். இரண்டு நாள் நாங்கள் நிரந்தர ஊழியர்களாக இருந்தோம்.

மூன்றாம் நாள் என்சியோவின் கடிதம் வந்தது.

விதி இருநூற்று ஒன்பது என்று ஒன்று இருந்தது. முடிவின் நகல், எல்லா இணைப்புகளோடும், செயலியை எழுதியவருக்குத் தானாகப் போய்விடும். வெளியாரிடம் ஒளிவுமறைவு கூடாது என்று கலிபோர்னியாவிலிருந்து வந்த சூட்டில் இலாரியே எழுதிய விதி. எழுதியவன் மறந்துவிட்டான். ராய்லி மறக்கவில்லை. வாயைத் திறக்கக் கூடாது என்றான், திறக்கவில்லை. நகல் போக வேண்டும் என்று விதி, போயிற்று. இரண்டையும் சரியாகச் செய்ததாக அவள் நம்பினாள், இன்றைக்கும் நம்புகிறாள்.

கடிதம் இவ்வளவுதான்: “அறிக்கை படித்தேன். உங்கள் போனை நான் தொட்டுப் பார்த்ததில்லை. பனி மெல்லிசாக இருக்கும் இடத்தைச் சொல்லத்தான் இதை எழுதினேன். அதைப் பார்க்க ஒருவன் நின்று, கையுறையைக் கழற்றி, போன் அணைந்து, மறுபடி முயன்றுகொண்டு அங்கேயே நிற்பான். நிற்கக் கூடாத இடமாக இருக்கலாம். திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சோதித்தவருக்கு நன்றி. வேலை தெரிந்தவர்.”

இலாரி அன்று பதினான்கு முறை கூப்பிட்டான். என்சியோ ஏரியில் இருந்தார். போன் வீட்டில் இருந்தது. மறுநாள் எடுத்து, “எழுதிட்டேனே,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிப்ரவரி எட்டாம் தேதி கடை திறந்தது. தெற்கே மேடை, இசை, கூட்டம் எல்லாம். வெளியார் செயலிகளின் அலமாரியில் ‘விரைவில்’ என்று எழுதி, அதைச் சுற்றிச் சிவந்த இலைகள் வரைந்திருந்தார்கள். பார்க்க அழகாகவே இருந்தது.

பதினைந்தாம் தேதி எங்களை ஒத்துழைப்புப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். ஆட்களை வேலையிலிருந்து அனுப்புவதற்குச் சட்டத்தில் இதுதான் பெயர். ஆறு வாரம் நடந்தது. நாங்கள் ஒத்துழைத்தோம்.

கடைசி நாள் வியாழக்கிழமை. கேன்டீனில் வழக்கம்போலப் பட்டாணி சூப்பும் அப்பமும். இலாரியின் முகத்தில் துக்கம் கொஞ்சம்தான் இருந்தது. புது யோசனை வந்தவனின் முகம். அவனுடைய வேலை போகவில்லை. வெளியாரை ஈர்க்கும் திட்டத்துக்கு அவனைத் தலைவனாக்கியிருந்தார்கள்.

“நல்லா யோசிச்சுப் பாருங்க,” என்றான். “நாளைலேர்ந்து நீங்க யாரு?”

“வேலை இல்லாதவங்க,” என்றேன்.

“இல்ல. வெளியாட்கள்! ஒன்பது மாசமா நாம யாருக்காகக் காத்திருந்தோமோ அவங்க. ருஸ்காவப் பத்தி உங்கள விட யாருக்குத் தெரியும்? வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பேசிட்டேன். செயலி எழுதற வகுப்புக்கு உங்கள அனுப்பறாங்க. ஆளுக்கு ரெண்டு எழுதினாப் போதும். பன்னெண்டு ஆப். அடுத்த கட்டத்துல கம்பெனி பூராவும் இன்னும் நாலாயிரம் பேர வேலைய விட்டு அனுப்பப் போறாங்க. ரெண்டு ரெண்டு போட்டாலும் எட்டாயிரம். கோடு எங்க போகுதுன்னு பாருங்க!”

யாரும் பேசவில்லை. வேறு ஊராக இருந்தால் இதை எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். இலாரி சம்மதம் என்று எடுத்துக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தான்.

ராய்லி சூப்பை முடித்து, கரண்டியைத் தட்டில் நேராக வைத்தாள்.

“நாங்க எழுதி அனுப்பறத யாரு சோதிப்பா?”

“யாரும் இல்ல. பிரிவுதான் மூடியாச்சே. வர்றதெல்லாம் நேரா கடைக்குப் போயிடும்.”

“ஒருத்தரும் பாக்க மாட்டாங்களா?”

“அதான் வேகம்.”

“அப்ப என்கிட்டேர்ந்து வராது,” என்றாள் ராய்லி. எழுந்து அப்பம் வாங்கப் போனாள்.

இலாரி அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குறிப்பேட்டில் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினான்.